கறிமிளகாயும் நமது தராசும்

சென்ற ஓகஸ்ட் மாதம், நல்லூர்த் திருவிழாக் காலத்தில், லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு குடும்பம் எனது கடைக்கு வந்தது. தாய் யாழ்ப்பாணத்தவர். பிள்ளைகள் இருவரும் அங்கே பிறந்தவர்கள். ஐந்து கிலோ கறித்தூள் கட்டச் சொன்னார். நான் நிறுக்கத் தொடங்கியபோது, "காக்கா, இதைவிட உறைப்புக் குறைஞ்சது இருக்கோ? பிள்ளையள் வாயில வைக்க மாட்டினம். ஆனா நிறம் குறையக் கூடாது" என்றார். "எங்கட தூள் எண்டால் உறைப்புத்தானே தங்கச்சி" என்று சிரித்துச் சமாளித்தேன். அவர் இரண்டு கிலோ மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

மூன்று கிலோ வியாபாரம் போனது பெரிய நட்டமில்லை. ஆனால் அவர் கேட்ட பொருள் நியாயமான பொருள். அது என்னிடம் இல்லை. பக்கத்துக் கடையிலும் இல்லை. இரவு கணக்குப் பார்க்கும்போதுதான் அந்த வார்த்தை எனக்கு உறைத்தது.

அன்றிலிருந்து மூன்று வாரம் ஒரு வேலை செய்தேன். உறைப்புக் குறைந்த தூள், உறைப்புக் குறைந்த செத்தல், கறிமிளகாய் என்று யார் கேட்டாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் உள்ள கொப்பியில் ஒரு கோடு போடச் சொன்னேன். முதலாம் வாரம் என் மகன் மறந்து மறந்து போட்டதையும் சேர்த்தே நாற்பதைத் தாண்டியது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் மட்டுமல்ல. அல்சர் உள்ளவர்கள், சின்னப் பிள்ளை உள்ள வீடுகள், கல்யாண வீட்டுச் சமையற்காரர் ஒருவர், சாப்பாட்டுக் கடைக்காரர்கள் நாலைந்து பேர். கடைக்காரர்கள் கேட்டது கறிமிளகாய். கொத்துரொட்டிக்கும் டெவிலுக்கும் அது இல்லாமல் முடியாது. அந்தக் கறிமிளகாய் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தேன். தம்புள்ளையிலிருந்து லொறியில் வருகிறது. செம்மண்ணும் கிணறும் உள்ள குடாநாட்டுக்கு, மிளகாய்க்குப் பெயர்போன குடாநாட்டுக்கு, மிளகாய் லொறியில் வருகிறது!

இதை எழுதக் காரணம் விவசாயிகளைக் குறை சொல்வதற்கல்ல. குற்றம் யார் பக்கம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் சரக்கைத் தெரிந்துகொள்வோம்.

மிளகாயின் உறைப்பை அளக்க ஒரு கணக்கு உண்டு. 1912ஆம் ஆண்டு அமெரிக்காவில் வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தாக்கவியலாளர் மிளகாய்ச் சாற்றைச் சீனித் தண்ணீரில் மேலும் மேலும் கரைத்து, எத்தனை மடங்கு கரைத்தால் நாக்கில் உறைப்புத் தெரியாமல் போகிறதென்று ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். இன்று இயந்திரம் அளக்கிறது. பெயர் மட்டும் அவருடையதாகவே நிற்கிறது. அந்தக் கணக்கில் நுவரெலியா, வெலிமடைப் பக்கமிருந்து வரும் பெல் பெப்பர் என்ற குடைமிளகாய் பூச்சியம். நாம் கறிமிளகாய் என்றும், சிங்கள மக்கள் மாலு மிரிஸ் என்றும் சொல்லும் மஞ்சட்பச்சைக் காய் பெரும்பாலும் ஐயாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் இடையில் நிற்கும் இனத்தைச் சேர்ந்தது. மெக்சிக்கோவின் ஹலப்பேனோவும் ஏறத்தாழ அந்த உயரம்தான். இந்தியாவிலிருந்து நாம் மூடை மூடையாக இறக்கும் குண்டூர் சன்னம் முப்பத்தையாயிரம், நாற்பதாயிரம். தேஜா என்ற ரகம் அதற்கும் இரட்டிப்பு. நை மிரிஸ் இலட்சத்தைத் தாண்டும். அதை வியாபாரம் செய்பவர்கள் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

உறைப்பு விதையில் இருக்கிறதென்று வீடுகளில் சொல்வார்கள். உண்மையில் அது விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை நரம்பில் உற்பத்தியாகிறது. விதை அதைத் தொட்டுக்கொண்டிருப்பதால் அதிலும் பட்டுவிடுகிறது. நரம்பை வழித்தெடுத்தால் முக்கால்வாசி உறைப்புப் போய்விடும். எங்கள் உம்மா கறிமிளகாயை நடுவில் கீறி, நரம்பை எடுத்துவிட்டு, மாசியும் சின்ன வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் அடைத்துப் பொரிப்பார். நோன்பு காலத்தில் கஞ்சிக்குப் பக்கத்தில் அது இருந்தால் வாப்பா வேறொன்றும் கேட்கமாட்டார்.

பெயர் விடயத்தில் ஒரு சின்னக் கதை. 1990 ஒக்டோபர் முடிவில் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்குப் போனபோது, கடையில் மிளகாய் கேட்டால் "கொச்சிக்காயா?" என்று கேட்டார்கள். எங்களுக்குக் கொச்சி என்றால் சின்னதாய், நெருப்பாய் எரிக்கிற காய். "இல்லை, இல்லை, சாதாரண மிளகாய்" என்று நான் மறுக்க, கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நாட்டின் பல பாகத்திலும் நம்மவர்களுக்கு எல்லா மிளகாயும் கொச்சிக்காய்தான். கொச்சித் துறைமுகத்தின் பெயரால் வந்த சொல் என்பார்கள். மிளகாயே போர்த்துக்கேயர் காலத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதற்கு முன் நம் மூதாதையர் உறைப்புக்கு மிளகைத்தான் நம்பியிருந்தார்கள். மிளகுபோல் உறைக்கும் காய் என்பதால் மிளகாய். ஆகவே "எங்கள் பாரம்பரியம் கடும் உறைப்பு" என்று சொல்பவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம்.

கற்பிட்டியில்தான் நான் மிளகாயைப் பயின்றேன். அங்கே மணல் தரை, ஆழமில்லாத கிணறு. அகதியாகப் போன முதல் இரண்டு வருடம் தோட்டங்களில் நாட்கூலிக்கு மிளகாய் ஆய்ந்தேன். பிறகு மூடை ஏற்றினேன். பிறகு கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவுக்குச் சரக்கோடு போய்வரத் தொடங்கினேன். காயைக் கையில் எடுத்து முறித்த சத்தத்தில் ஈரப்பதன் சொல்லும் மனிதர்களை அங்கே கண்டேன். நாலு கிலோ பழம் காய்ந்தால் ஒரு கிலோ செத்தல். அதற்கு மேல் ஒருவர் காட்டினால் அது காயவில்லை என்று அர்த்தம். காயாத செத்தலில் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணம் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கண்ணுக்குத் தெரியாது. வறுத்தாலும் முழுதாகப் போகாது. நிறை கூடுதலாக நிற்கட்டும் என்று ஈரத்தோடு மூடை கட்டுகிறவர்கள் இதை அறிந்துதான் செய்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. தானியக் குவியலுக்குள் கையை விட்டு அடியிலிருந்த ஈரத்தைக் கண்டுபிடித்த நபியவர்களின் சம்பவத்தை நம் வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்து மிளகாய்க்கு ஒரு பொற்காலம் இருந்தது. 1970களின் முற்பகுதியில் அன்றைய அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. குடாநாட்டுச் செம்மண்ணிலும், விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கத்து இளைஞர் குடியேற்றத் திட்டங்களிலும் மிளகாய் போட்டவர்கள் தலைநிமிர்ந்தார்கள். எனக்கு அப்போது ஆறேழு வயது. வாப்பாவின் கடைக்குப் பின்னால் சாக்கு விரித்துக் கொட்டிய செத்தலின் நெடியில் தும்மித் தும்மி விளையாடியது நினைவிருக்கிறது. வாப்பா சொல்வார், "அந்த நாளில மிளகாய்க்காரன் சைக்கிளில வந்து மோட்டார் சைக்கிளில போவான்." 1977க்குப் பிறகு கதவு திறந்தது. இந்தியச் செத்தல் வந்தது. பிறகு போர் வந்தது. இன்று இந்த நாடு தின்னும் செத்தலில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்துதான் கப்பலில் வருகிறது.

உறைப்பு மிளகாயில் நாம் ஆந்திராவோடு விலைப் போட்டி போட முடியாது. அவர்களுடைய நிலப்பரப்பும் கூலியும் வேறு. விவசாயத் திணைக்களம் மஹஇலுப்பள்ளமவிலிருந்து எம்.ஐ.2, கே.ஏ.2, எம்.ஐ. ஹொட் என்று எத்தனையோ நல்ல ரகங்களைத் தந்திருக்கிறது. உள்நாட்டுக் கலப்பினமும் வந்துவிட்டது. விளைச்சல் கூடுகிறது. அப்படியிருந்தும் ஒரு கப்பல் வந்து இறங்கினால் விலை படுத்துவிடும். 2022இல் டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றைம்பதுக்கு மேல் பாய்ந்தபோது எல்லாரும் மிளகாய் நடுங்கள் என்றார்கள். டொலர் அடங்கியதும் அந்தக் குரல்களும் அடங்கின.

பச்சையாக விற்கும் கறிமிளகாயின் கதை வேறு. அது கப்பலில் வராது. நாலு நாளில் வாடும் சாமான். கிட்ட நிற்கிறவனுக்குத்தான் இலாபம். தம்புள்ளையிலிருந்து ஏ9 வீதியால் வந்து சேர்வதற்குள் அடிமூடையில் நசுங்கியது, வெந்தது என்று ஒரு பங்கு கழிகிறது. லொறிக் கூலி ஏறுகிறது. கோப்பாயில் காலையில் ஆய்ந்த காய் ஒன்பது மணிக்குச் சாப்பாட்டுக் கடையில் நிற்கலாம். கணக்குத் தெரிந்த எவருக்கும் இது விளங்கும். அப்படியானால் ஏன் நடக்கவில்லை?

என் கதையையே சொல்கிறேன். 2013ஆம் வருடம், திரும்பி வந்து கடையை நிமிர்த்திக்கொண்டிருந்த காலம், கோப்பாய்ப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் போய் "அண்ணை, கறிமிளகாய் போடுங்கோ, முழுக்க நான் எடுக்கிறன்" என்றேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். புகையிலையும் வெங்காயமும் செய்பவர். நாலு பரப்பில் ஹங்கேரியன் யெலோ வக்ஸ் என்ற ரகத்தைப் போட்டார். திணைக்களம் சிபாரிசு செய்யும் ரகம் அது. பெப்ரவரியில் முதல் ஆய்வு அருமையாக வந்தது. நானும் எடுத்தேன். மார்ச்சில் தம்புள்ளையில் விலை விழுந்தது. கடை வாசலில் இறக்கித் தரும் விலையே அவருடையதைவிடக் கிலோவுக்கு முப்பது ரூபாய் குறைவு. நான் அவருடைய சரக்கில் பாதியை மட்டும் எடுத்து, "இப்ப ஓட்டமில்லை அண்ணை" என்றேன். அடுத்த வாரம் அவர் காய் கொண்டு வந்த நேரம் என் கடையில் தம்புள்ளை லொறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அடுத்த போகம் அந்த நாலு பரப்பிலும் புகையிலை நின்றது.

இதோடு இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த ஒரு மாதமும் அவருடைய ஒவ்வொரு நூறு கிலோவுக்கும் நான் தொண்ணூறு கிலோவுக்கே காசு கொடுத்தேன். பத்துக் கிலோ கழிவு. குடாநாட்டுச் சந்தைகளில் இது காலங்காலமாக இருக்கும் வழக்கம். நான் கண்டுபிடித்ததல்ல. மற்றவர்களும் எடுக்கிறார்கள், வாடல் போகும், நசுங்கல் போகும் என்று நியாயம் சொல்லலாம். ஆனால் காலையில் ஆய்ந்து, தெரிந்து, மாட்டுத்தாள் பெட்டியில் அடுக்கி வரும் காயில் பத்திலொன்று எங்கே போகிறது? அது என் இலாபத்துக்குள் போனது. விவசாயிகள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்திருக்கிறார்கள். கூட்டங்கள் நடந்திருக்கின்றன. அளவை நிறுவையில் மோசடி செய்வோருக்கென்றே குர்ஆனில் ஒரு அத்தியாயம் இருக்கிறது. அதை ஓதிவிட்டு வந்து தராசடியில் நிற்கும் நாம் "வழக்கம்" என்று சொல்லிக்கொள்வது சரியா என்று நான் என்னையே கேட்டேன். இந்தக் கட்டுரையைப் படித்துக் கோபிக்கும் நண்பர்கள் இருப்பார்கள். அவர்களோடு எனக்கு விரோதமில்லை. என் கொப்பியையும் அவர்களுடைய கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தயார்.

புகையிலைக்கு விவசாயி ஏன் திரும்பினார் என்று யோசியுங்கள். காய்ந்தால் கிடக்கும், விலை வரும்வரை வைத்திருக்கலாம், வாங்குபவன் வாசலுக்கு வருவான். கறிமிளகாய்க்கு இந்த மூன்றும் இல்லை. ஆகவே அதைப் போடச் சொல்பவன் அந்த ஆபத்தில் பங்கெடுக்க வேண்டும். வாய்ப்பேச்சு போதாது.

இனி, போட நினைப்பவர்களோடு பேசப்போகும் சகோதரர்களுக்கு நான் அறிந்த சில விடயங்கள். கறிமிளகாய் உறைப்பு மிளகாயைவிடச் சொகுசான செடி. கடும் வெயிலில் பூவை உதிர்த்துவிடும். எங்கள் குடாநாட்டில் மாரி மழை அடங்கியதும் நட்டு, சித்திரை வெயிலும் சோழகக் காற்றும் தொடங்குவதற்கு முன் பெரும்பகுதியை ஆய்ந்துவிடுவது நல்லது. அதற்குப் பிறகு இழுக்க விரும்பினால் நிழல்வலை வேண்டும். அது தனிச் செலவு. இலைச்சுருள்தான் பெரிய எதிரி. பனிப்பூச்சி, சிற்றுண்ணி, வெண்ணீ என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். மூன்றும் உண்மை. ஆனால் மூன்றுக்கும் ஒரே மருந்தில்லை. எதுவென்று தெரியாமல் போத்தல் வாங்கி அடிப்பதைவிட, ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு விவசாயப் போதனாசிரியரிடம் போவது மலிவு. யூரியாவையும் அள்ளிக் கொட்ட வேண்டாம். நமது நிலத்தடி சுண்ணாம்புக்கல். மேலே போடுவது கிணற்றுக்குள் போகிறது. அந்தக் கிணற்றைத்தான் பிள்ளைகளும் குடிக்கிறார்கள்.

விதை விடயத்தில் கவனம். கடைக்காரர்கள் "போன முறை வாங்கின கறிமிளகாய் தீயாய் உறைச்சது" என்று முறையிடுவதைக் கேட்டிருப்பீர்கள். காரணம் பெரும்பாலும் விதை. மிளகாய்ப் பூவில் தேனீ மாறி மாறி உட்காரும். பக்கத்து வரம்பில் உறைப்பு மிளகாய் நின்றால், அந்த வருடக் காயில் வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்தக் காயில் விதை எடுத்து அடுத்த வருடம் போட்டால் கலப்பு வெளியில் வரும். கலப்பின விதையென்றால் இரண்டாம் தலைமுறையில் குணம் சிதறிவிடும். தண்ணீர் தட்டுப்பட்டு வாடிய செடியிலும் உறைப்பு ஏறும். உறைப்புக் குறைந்த மிளகாயை விற்கிறேன் என்று சொன்னால், அது ஒவ்வொரு பெட்டியிலும் குறைந்தே இருக்கவேண்டும். ஒரு கல்யாணச் சட்டியைக் கெடுத்தால் அந்தச் சமையற்காரர் மறுபடி வரமாட்டார்.

விலை விழும் வாரத்தில் என்ன செய்வது? இங்குதான் யாழ்ப்பாணத்தின் வெயில் நமக்கு உதவும். மோர்மிளகாய்! கீறி, உப்பு மோரில் ஊறவைத்து, காயவைத்து, மறுபடி ஊறவைத்து, மறுபடி காயவைத்து எடுத்தால் மாதக்கணக்கில் இருக்கும். நடுத்தர உறைப்புள்ள காய்க்கு அது மிகவும் பொருத்தம். பொரித்துக் கடிக்கும்போது உப்பும் புளிப்பும் முன்னுக்கு வரும், உறைப்புப் பின்னால் மெதுவாக வரும். தோட்டத்தில் தேங்கும் சரக்கை வீட்டுப் பெண்களுக்கு நியாயமான கூலி கொடுத்து மோர்மிளகாய் ஆக்கினால் தம்புள்ளை லொறியைக் கண்டு பயப்படத் தேவையில்லை. வெளிநாட்டுக்குப் பொதி கட்டுபவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான். 2013இல் எனக்கு இந்தப் புத்தி வந்திருந்தால் அந்த மனிதர் சைக்கிளைத் திருப்பியிருக்கமாட்டார்.

தூள் விடயத்துக்கு வருவோம். அந்த லண்டன் தங்கச்சி கேட்டது உறைப்புக் குறைந்த, நிறம் குறையாத தூள். உலகம் இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டது. ஹங்கேரியில் செகெட், கலோச்சா என்ற ஊர்களில் நரம்பையும் விதையையும் நீக்கி மிளகாய் அரைத்தார்கள். பின்னர் உறைப்பே இல்லாத வர்க்கத்தைத் தெரிவு செய்து வளர்த்தார்கள். அதுதான் பப்ரிக்கா. அதே செகெட் நகரில் அந்த மிளகாயிலிருந்து விற்றமின் சி பிரித்தெடுத்த ஆல்பர்ட் சென்ட் ஜோர்ஜி என்ற விஞ்ஞானிக்கு 1937இல் நோபல் பரிசு கிடைத்தது. சிரியாவில் அலெப்போ நகரின் பெயரால் விற்கப்படும் மிளகாய் நடுத்தர உறைப்பு, நல்ல சிவப்பு. 2011இல் தொடங்கிய யுத்தம் தோட்டங்களைக் குலைத்தது. இன்று அந்தப் பெயரில் கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி துருக்கியில் விளைகிறது. ஊரை இழந்த மிளகாய் பெயரை இழக்கவில்லை. எனக்கு அந்தச் செய்தி ஏன் நெஞ்சில் தங்கியதென்று யாழ்ப்பாணத்துச் சோனகருக்குச் சொல்லத் தேவையில்லை.

கிட்டவே பார்த்தால், கர்நாடகத்தின் பியாடகி மிளகாய் சுருங்கிய தோல், ஆழ்ந்த சிவப்பு, குறைந்த உறைப்பு. 2011இல் புவிசார் குறியீடு பெற்றது. கடலுக்கு அப்பால் இராமநாதபுரத்தின் முண்டு மிளகாய் உருண்டையாக இருக்கும். அதற்கும் 2023இல் அதே குறியீடு கிடைத்தது. அங்கே வறண்ட மண்ணில், மழையை நம்பி விளையும் மிளகாய்க்கு ஊர்ப் பெயரோடு ஒரு மதிப்பு. இங்கே நாம் எந்தச் செத்தலையும் "யாழ்ப்பாணத்துத் தூள்" என்று அரைத்து ஒட்டுகிறோம்.

நிறத்துக்கு இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. சுடான் என்ற சாயம். மரத்துக்கும் மெழுகுக்கும் போடுவது. 2003இல் ஐரோப்பாவில் இந்திய மிளகாய்த்தூளில் அது பிடிபட்டது. 2005இல் பிரித்தானியாவில் ஒரு சோஸில் கலந்திருந்த மிளகாய்த்தூளில் கண்டுபிடிக்கப்பட்டு, அதைச் சேர்த்துச் செய்த நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்கள் கடைகளிலிருந்து திருப்பி எடுக்கப்பட்டன. ஒரு மூடை தூளில் ஒருவன் செய்த வேலை ஒரு நாட்டின் கடைத்தட்டுகளை வெறுமையாக்கியது. நிறம் வேண்டுமென்றால் நிறமுள்ள மிளகாயைச் சேர்ப்பதே வழி. நான் வீட்டில் பரீட்சித்துப் பார்த்தேன். வழமையான செத்தலில் பாதியைக் குறைத்து, அதற்குப் பதிலாக உறைப்புக் குறைந்த சிவந்த செத்தலைப் போட்டு, மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் அதே அளவில் வறுத்து அரைத்தேன். முதற்தடவை மிளகாயைக் கூடுதலாக வறுத்து நிறத்தைக் கருக்கிவிட்டேன். தோல் மெல்லியது, சீக்கிரம் கருகும். இரண்டாம் தடவை தனியாக, இளஞ்சூட்டில் வறுத்தேன். மனைவி இறைச்சிக்குப் போட்டார். வழமையாகத் தண்ணீர்க் கோப்பையோடு உட்காரும் பேரன் கோப்பையைத் தொடவில்லை. "இது எங்கட கறி இல்லை" என்று ஒருவரும் சொல்லவில்லை. அதற்குப் பாவித்தது இறக்குமதிச் செத்தல்தான். குடாநாட்டில் விளையவைக்க முடியுமா என்பதை ஒரு போகம் பார்த்துத்தான் சொல்லமுடியும்.

இப்போது அந்தப் பழைய விவசாயியிடம் மறுபடி போன கதை. சென்ற மாதம் போனேன். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு. கிணற்றடியில் நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் சலாம் சொல்லும் தோரணையில் கையை உயர்த்த, "வாரும் தம்பி, தண்ணி குடியும்" என்றார். அந்த உபசரிப்பு எனக்கு இன்னும் கூச்சத்தைத் தந்தது. 2013இல் செய்தது பிழை என்று சொன்னேன். அவர் அதற்குப் பதில் சொல்லாமல், "அப்ப இந்தமுறை லொறி வந்தால்?" என்று கேட்டார்.

ஒரு மணித்தியாலம் பேசினோம். அவர் கேட்டவை அதிகமில்லை. ஒன்று, போகம் முழுவதற்கும் ஒரு அடிவிலை; சந்தை அதற்குக் கீழே போனாலும் நான் அதைக் கொடுக்கவேண்டும், மேலே போனால் கூடுவதில் பாதி அவருக்கு. இரண்டு, விதைக்கும் நாற்றுமேடைக்குமான செலவில் அரைவாசி என்னுடையது. மூன்றாவதாகக் கழிவு பற்றிப் பேச வாயெடுத்தார். நானே முந்திக்கொண்டு "கழிவு இல்லை அண்ணை" என்றேன். "அதை எழுத்தில தாரும்" என்றார்.

எழுத்தில் கொடுப்பதில் நமக்கு வெட்கம் இருக்கக் கூடாது. தவணைக்குக் கொடுக்கல் வாங்கல் செய்தால் எழுதிக்கொள்ளுமாறு பணிக்கப்பட்ட சமூகம் நாம். முழுப் பணத்தையும் முன்னரே கொடுத்து, அளவும் தரமும் தவணையும் குறித்து வாங்கும் ஸலம் என்ற முறை மார்க்கத்தில் உண்டு. அதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன. குறித்த ஒரு தோட்டத்தின் விளைச்சல் என்று கட்டுவது கூடாதென்பது பெரும்பாலான சட்ட அறிஞர்களின் கருத்து. அந்தத் தோட்டம் விளையாமல் போகலாம் அல்லவா? முழுப் பணமும் முன்கூட்டிக் கொடுக்க என்னிடம் வசதியும் இல்லை. ஆகவே பச்சைக் காய்க்கு அடிவிலை வாக்குறுதி, மோர்மிளகாய்க்கு மட்டும் சிறிய அளவில் ஸலம் என்று உலமா ஒருவரிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். இதில் இறங்க நினைப்பவர்கள் தங்கள் பகுதி உலமாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைப் பின்பற்றவேண்டாம், நான் படித்தது பள்ளிக்கூடம் மட்டும்தான்.

அடிவிலையால் எனக்கு நட்டம் வரலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2013 மார்ச் போல ஒரு மாதம் வந்தால் என் கையைக் கடிக்கும். ஐந்து சாப்பாட்டுக் கடைகளிடம் வாரத்துக்கு இத்தனை கிலோ என்று பேசி வைத்திருக்கிறேன். மூன்று பேர் உறுதி சொன்னார்கள், இரண்டு பேர் "தம்புள்ளை விலையைப் பார்த்துச் சொல்லுறன் நானா" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. நானும் அப்படித்தானே இருந்தேன். வேறு இரண்டு மூன்று வியாபாரிகள் சேர்ந்தால் அந்த நட்டம் பங்குபட்டுச் சிறுக்கும், இன்னும் இரண்டு தோட்டம் சேர்க்கலாம். விருப்பமுள்ள சகோதரர்கள் லுஹருக்குப் பிறகு கடைக்கு வந்தால் கொப்பியைக் காட்டுகிறேன்.

நாற்றுமேடை போட்டாயிற்று. மழை விட்டதும் நடுகை. ஒப்பந்தம் இரண்டு பிரதி எழுதினோம். ஒன்று அவருடைய பம்பி கொட்டிலில் தொங்குகிறது, மற்றது என் கல்லாவில். புறப்படும்போது கடைசியாக ஒன்று சொன்னார்: "நிறுக்கிறதை இஞ்ச, தோட்டத்தில வைச்சு நிறுக்கவேணும் தம்பி. உம்மட தராசைக் கொண்டு வாரும்." திங்கட்கிழமை தராசுக்கு இந்த வருட முத்திரை குத்துவித்துக்கொண்டு வந்தேன்.